பொ போட்ட டீச்சர்

எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் சிலருக்குத் தலை வலிக்கும். சிலருக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு எட்டாம் வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது. அதுவும் முழுசாக வராது, பாதிதான் வரும். ஏன் பாதியில் நிற்கிறது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நேராகச் சொல்லும் வித்தையைப் பத்தாம் வகுப்பில்தான் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் எங்கள் மேஸ்திரி ஒரு பள்ளிக்கூடத்து வேலை பிடித்தார். மந்தாரக்குப்பத்தை ஒட்டி, நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிற சின்னத் தொடக்கப்பள்ளி. ரெண்டு ரூம், ஒரு சத்துணவுக் கூடம், கொடிக்கம்பம், அவ்வளவுதான். லீவு முடிவதற்குள் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். ஐந்து வருஷம் நான் படித்த இடம் என்று அவரிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சியா? எந்தச் செவுத்துல சாஞ்சிக்கினு இருந்தன்னு காட்டு. அந்தச் செவுத்த நீயே அடி," என்றார்.

காட்டினேன். அதே சுவரில், அதே ஆணியில், அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'தலைமையாசிரியர்கள்' என்று போட்டு, கீழே மூன்று கட்டம் இருக்கும். பெயர், முதல், வரை. மேலே இருக்கிற பெயர்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. ஒருத்தர் பத்துப் பன்னிரண்டு வருஷம் காலை நீட்டி இருந்திருக்கிறார். பாதிக்கு மேல் எழுத்து நெருங்க ஆரம்பிக்கிறது. காலை நேரத்து வடலூர் பஸ் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னுடைய நாலாவதும் ஐந்தாவதும் அந்த நெரிசலுக்குள்தான் மாட்டிக்கொண்டன. ரெண்டே வருஷம், ஆறு வரி.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டே வாத்தியார்கள். ஒன்று, ரெண்டு, மூன்றாம் வகுப்பு ஒரு ரூமில், சரோஜா டீச்சர். நாலு, ஐந்து இன்னொரு ரூமில், ஹெச்சம், அதாவது தலைமையாசிரியர். ஹெச்சமுக்குத் தனி அறையெல்லாம் கிடையாது. மேசை, பீரோ, எங்கள் நாலு வரிசை, அந்தப் பலகை எல்லாம் ஒரே ரூம்தான். அதனால் ஹெச்சம் மாறினால் எங்களுக்கு வாத்தியாரே மாறிவிடுவார். புது ஹெச்சம் வந்த வாரத்தில் ஒரு பெயிண்டர் சின்ன டப்பாவோடு வந்து பலகையில் பெயர் எழுதுவார். ரூம் முழுக்க எனாமல் வாசனை. அந்த வாசனை வந்தால் ரெண்டாம் வாய்ப்பாடும் பின்னாலேயே வந்துவிடும்.

எல்லாருக்கும் அப்பா மைன்ஸில் பெர்மனென்டோ கான்ட்ராக்டோ ஏதோ ஒன்று. வீட்டில் கடிகாரம் பார்ப்பதில்லை, ஷிஃப்ட்தான் பார்ப்போம். அதனால் ஹெச்சம்களுக்கும் ஷிஃப்ட் பெயர் வைத்தோம். வைத்தது யார் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து எங்களுக்கு முன்னால் நிற்பவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சார். நிற்க வைத்து, கையைக் கட்ட வைத்து, ராகத்தோடு வாய்ப்பாடு சொல்ல வைப்பார். அரையாண்டுத் தேர்வுக்குள் ஏழு முடித்தோம். தேர்வு முடிந்து வந்தால் சார் இல்லை. சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கிடைத்துவிட்டதாம். அடுத்து வந்தவர் செகண்ட் ஷிஃப்ட் மேடம், அவருடைய பஸ் பிரேயர் முடிந்த பிறகுதான் வந்து சேரும். பாட்டாகப் பாடினால் புரியாது, புளியங்கொட்டை வைத்துச் செய்து பார்த்தால்தான் புரியும் என்றார். ஆளுக்கு ஒரு டப்பா புளியங்கொட்டை. ரெண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து. அதிலும் ஏழு வரைக்கும் வந்தோம். மேடத்துக்குப் புரமோஷன் வந்தது, போய்விட்டார். புளியங்கொட்டை எங்களிடமே தங்கிவிட்டது. அதை வைத்து நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு வாய்ப்பாடு தேவைப்படவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். யாருமே கெட்ட வாத்தியார் இல்லை. ஒவ்வொருத்தரும் நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஆரம்பம்தான் நிறையக் கிடைத்தது. இன்றைக்கு என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் போர்டு எழுத என்னைத் தேடி வருகிறார்கள். வருகிற ஹெச்சமெல்லாம் 'அ' விலிருந்து எழுத வைத்ததில் வந்த லாபம் அது.

ஒரு ஹெச்சம் போய் இன்னொருவர் வருகிற வரைக்கும் சரோஜா டீச்சர்தான் பொறுப்பு. ஐந்து வகுப்பும் அவர் தலையில். ரெண்டு ரூமுக்கும் நடுவில் வாசலில் நின்றுகொண்டு இந்தக் காதில் மூன்றாம் வகுப்பையும் அந்தக் காதில் ஐந்தாம் வகுப்பையும் கேட்பார். அந்த நாட்களுக்கும் பலகையில் ஒரு வரி உண்டு. டீச்சர் பெயர் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு 'பொ'.

அந்த 'பொ' என்ன என்பது எங்களுக்குள் பெரிய விவாதம். மலர் என்று ஒருத்தி, எனக்குப் பக்கத்து வரிசை, வகுப்பிலேயே கெட்டிக்காரி. "பொன்னா பொம்பளடா. லேடீஸ் ஹெச்சமுன்னு அர்த்தம்," என்றாள். செகண்ட் ஷிஃப்ட் மேடம் பெயருக்குப் பக்கத்தில் 'பொ' இல்லையே என்று நான் மடக்கினேன். பிறகு என் ஆராய்ச்சியை வெளியிட்டேன்.

"பொன்னா பொய்டி. நெஜ ஹெச்சம் கெடையாது. பொய் ஹெச்சம்."

வகுப்பு என் பக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சரோஜா டீச்சர் எங்களுக்குப் பொய் ஹெச்சம். அவர் சத்தம் போட்டால், "பொய்க்கோபம்டா" என்று ஒருத்தன் காதில் ஒருத்தன் சொல்வோம். டீச்சருக்கு இது தெரியுமா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவருக்குத் தெரியாதது ஒன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மலருக்கு ஒரு அவசரம் இருந்தது. அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட், மண் ஏற்றிப் போகிற பெல்ட்டிலிருந்து வழியில் சிந்துவதை அள்ளுகிற வேலை. மகளை ஆறாம் வகுப்புக்கு டவுன்ஷிப்புக்குள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வெளிப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்துக் கொஞ்சம் பேரை எடுப்பார்கள். ஐந்தாவது முடிவதற்குள் அந்தப் பரீட்சை. அதனால் நாங்கள் புளியங்கொட்டை சுண்டும்போது அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள்.

செகண்ட் ஷிஃப்ட் மேடம் போன பிறகு டீச்சர் எங்கள் ரூமுக்கு வந்தார். ஐந்தாவது படிக்கிறோம். டீச்சர் கையில் சத்துணவு முட்டை அட்டை. முட்டைக் கணக்கு பார்ப்பதும் பொறுப்பு ஹெச்சம் வேலைதான். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "எது வரைக்கும் வந்திருக்கீங்க?" என்றார்.

"ஏழு டீச்சர்," என்றாள் மலர்.

"அப்ப எட்டுதான?"

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கு அதிசயம்தான். ஏழுக்கு அப்புறம் எட்டு என்று ஒருத்தர் சொல்லி அதுவரை கேட்டதில்லை. ஏழுக்கு அப்புறம் ரெண்டு என்பதுதான் எங்கள் வழக்கம்.

டீச்சர் முட்டை அட்டையைக் காட்டினார். "எத்தினி வரிசை? வரிசைக்கு எத்தினி?"

"ஆறு வரிசை டீச்சர். அஞ்சஞ்சு."

அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். "இப்ப?"

"அஞ்சு வரிசை. ஆறாறு."

"முட்டை கூடிச்சா, கொறஞ்சிச்சா?"

"ஒண்ணு ஒடஞ்சிச்சு டீச்சர்," என்றேன் நான்.

"அத உனக்கு வெச்சிக்கிறேன் இரு," என்றார் டீச்சர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "எட்டேழு தெரியாதுன்னு யாரும் சொல்லக் கூடாது. திருப்பிப் போடு. ஏழெட்டு எவ்ளோ?"

"அம்பத்தாறு."

"அப்ப எட்டேழு?"

வாய் பிளந்துகொண்டு எல்லாரும் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலர்தான் எழுந்தாள்.

"அதே அம்பத்தாறு டீச்சர். அப்ப எட்டாறும் தெரியும். எட்டஞ்சும் தெரியும். பாதி எட்டு நமக்கு ஏற்கெனவே தெரியும் டீச்சர்."

"பாதி இல்ல. எட்டெட்டும் எட்டொம்பதும்தான் உங்களுக்குப் புதுசு," என்றார் டீச்சர். "அத நாளைக்குப் பாத்துக்கலாம். அடுத்த வாரம் வகுத்தல்."

வெளியே மூன்றாம் வகுப்பில் எவனோ எவனையோ கடித்துவிட்டான். டீச்சர் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மலர் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் நாங்கள் உள்ளே நுழைந்தபோது எனாமல் வாசனை வந்தது.

புது சார். ரெண்டு பஸ் மாறி வருகிறவர், கண்ணில் தூக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பிற்பாடு நைட் ஷிஃப்ட் சார் ஆக்கினோம். டீச்சர் பீரோ சாவியையும் முட்டை நோட்டையும் அவரிடம் கொடுக்க வாசலில் நின்றிருந்தார். சார் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"எது வரைக்கும் நடத்தியிருக்காங்க?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. முன்னாடி செகண்ட் ஷிஃப்ட் மேடம் கேட்டபோதும் நான்தான் எழுந்து அந்தப் பதிலைச் சொன்னேன்.

"ஒண்ணுமே நடத்தலீங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அதில் ஒரு சுகம் இருந்தது. ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் ரெண்டாம் வாய்ப்பாடு கேட்கும்போது கடகடவென்று ஒப்பித்தால், புது ஹெச்சம் அசந்துபோவார். "பரவால்லியே, நல்ல பசங்களா இருக்கீங்களே" என்பார். என் வாழ்க்கையில் யாரும் என்னை நல்ல பையன் என்று சொன்னது அந்த மாதிரி முதல் நாட்களில் மட்டும்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

மலர் எழுந்தாள். "இல்ல சார். ஏழு முடிச்சிட்டோம். டீச்சர் எட்டு நடத்திக்கினு இருக்காங்க. இன்னிக்கு எட்டெட்டு."

"பொய் சார்," என்றேன்.

'பொய்' என்ற வார்த்தைக்கே வகுப்பு சிரித்தது. பலகையைப் பார்த்துச் சிரித்தது, வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்துச் சிரித்தது. மலர் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு சாவியை மேசையில் வைத்தார்.

"சார், நேத்து எட்டு ஆரம்பிச்சேன்," என்றார் மெதுவாக.

"இருக்கட்டும் டீச்சர். நான் எப்பவும் அடிப்படையிலேர்ந்து வந்துடுவேன்," என்றார் சார்.

நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவர் ரெண்டிலிருந்துதான் ஆரம்பித்திருப்பார் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சமாதானம் பகலில் நன்றாகத்தான் இருக்கிறது.

நைட் ஷிஃப்ட் சாரோடு ஐந்தாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்தோம். மலருடைய பரீட்சை வந்தது. அவள் அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு சைக்கிளில் கூட்டிப் போனார். மறுநாள் நான் கேட்டேன், ஈஸியா என்று. அவள் ரொம்ப நேரம் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எட்டெட்டு வந்துச்சி," என்றாள். "அது கூடப் பரவால்லடா, கூட்டிக் கூட்டிப் போட்டுட்டேன். வகுத்தல் வந்துச்சி. அப்புறம் மேல ஒரு நம்பரு, கீழ ஒரு நம்பரு, நடுவுல கோடு போட்டு ஒண்ணு வந்துச்சி. அது இன்னான்னே தெரில. பக்கத்துல ஒக்காந்திருந்த பொண்ணு அத மட்டும் சிரிச்சிக்கினே போட்டுது."

அது பின்னம். எங்களுக்கு அதன் பெயர் கூடத் தெரியாது. எட்டில் நின்றவர்களுக்கு வகுத்தல் எங்கே, பின்னம் எங்கே.

முடிவு வந்த பிறகு அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வேலை உடுப்போடு, காலில் மண்ணோடு. நைட் ஷிஃப்ட் சார் அப்போது நீண்ட லீவில் போய்விட்டார், மறுபடி டீச்சர்தான் பொறுப்பு. மலர் அப்பா சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றேன். அவர் சத்தமே போடவில்லை.

"எங்க பெல்ட்டுல ஷிஃப்ட்டு மாறுனா, எங்க மண்ணு நிக்குது, எந்த ரோலரு சுத்தலன்னு வரவன்கிட்ட சொல்லிட்டு, நோட்டுல எழுதி வெச்சிட்டுதாங்க எறங்குவாங்க. இங்க அந்த மாதிரி ஒரு நோட்டு இல்லீங்களா?"

டீச்சர் மேசை மேல் இருந்த நோட்டுகளைப் பார்த்தார்.

"நோட்டு இருக்குதுங்க," என்றார். "முட்டைக்கு இருக்குது. அரிசிக்கு இருக்குது."

மலர் அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனார். மலர் எங்களோடு மந்தாரக்குப்பத்திலேயே ஆறாவது சேர்ந்தாள். ஒரு வாரத்துக்கு என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள். பேசாமல் எங்கே போவாள், கணக்கில் நான் காப்பியடிக்க அவள் நோட்டு ஒன்றுதானே இருந்தது.

இப்போது பலகைக்கு வருகிறேன். வேலை நடக்கும்போது இப்போதைய ஹெச்சம் மேடம் வந்தார். நல்ல மாதிரி, எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். என் எழுத்து நன்றாக இருக்கும் என்று மேஸ்திரி சொன்னதும், பலகையைத் தேய்த்துவிட்டுப் புதுசாக எழுதச் சொன்னார்.

"இந்த 'பொ' போட்டதெல்லாம் வுட்டுடுங்க தம்பி. ஒழுங்கா வந்தவங்க பேரு மட்டும் போதும். எடம் பத்தாது."

உப்புத்தாளை எடுத்தேன். எழுத்தெல்லாம் மாவு மாவாக உதிர்ந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். நடுநடுவே டீச்சர். அந்த நேரம் பார்த்து மலர் போன் செய்தாள். வடலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் மகளை வருகிற ஜூனில் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஒன்றாவது சேர்க்க வேண்டும், வீடு பக்கத்தில். நான் இங்கே பெயிண்ட் அடிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஒரே கேள்வி.

"அந்த மேடம் எது வரைக்கும் இருப்பாங்கன்னு கேட்டியா?"

"கேக்கிறேன், கேக்கிறேன். இப்ப பலகை தேச்சிக்கினு இருக்கேன். டீச்சர் பேரெல்லாம் வேணாம்னுட்டாங்க."

அந்தப் பக்கம் கடையில் யாரோ மாத்திரை கேட்பது மட்டும் கேட்டது.

"நீ எடுத்துட்டியா?"

"நான் இன்னா பண்ணட்டும்? மேடம் சொன்னாங்க."

"அன்னிக்கு மட்டும் எந்த மேடம் சொன்னாங்க உனக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற குரலில் சொன்னாள். வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷமாக அந்தப் பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

உப்புத்தாளை வைத்துவிட்டு மேடத்திடம் போனேன். எனாமல் மாவு படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், அந்த சரோஜா டீச்சர் பேரு ஒண்ணு மட்டும் எழுதிடறேன். எழுத்தக் கொஞ்சம் பொடிசாப் போட்டா எடம் பத்தும்."

"யாருப்பா அவங்க? பொறுப்புல இருந்தவங்கதான?"

"ஆமாங்க மேடம்," என்றேன். "பொறுப்பா இருந்தவங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் படித்தது இங்கேதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எது வரைக்கும் என்று கேட்டார். ஏழு வரைக்கும் என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அஞ்சாவது வரைக்கும் இங்க, மேடம்," என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, எழுதிக்குங்க," என்றார். நீங்கள் எது வரைக்கும் இருப்பீர்கள் என்று நானும் கேட்டேன். "அது எங்கையிலயா இருக்குது தம்பி? ட்ரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வருது. எங்க வூடு தூரத்துல இருக்குது," என்றார்.

சரோஜா டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்படி ஒருவர் இருந்ததே தெரியவில்லை. டீச்சர்களும் சரி, சமைக்கிற அம்மாவும் சரி, எல்லாரும் எனக்கு ரொம்பப் பின்னால் வந்தவர்கள். அந்தப் பீரோ இல்லை, நாங்கள் உட்கார்ந்த பலகைகள் இல்லை. என் தலை பட்டு எண்ணெய்க் கறை ஏறியிருந்த இடத்தை முந்தாநாள் நானே வெள்ளையடித்து மூடிவிட்டேன். எட்டெட்டு அறுபத்துநாலு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது மேஸ்திரிதான், எட்டடிக்கு எட்டடி சுவர் ஒன்றுக்குப் பெயிண்ட் கணக்குப் போடும்போது.

டீச்சர் பெயரை ஒரு வரியில் எழுதினேன். முதல், வரை ரெண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன். அடைப்புக்குறி போட இடம் பத்தவில்லை. நிஜமாகவே பத்தவில்லை, நம்புங்கள்.

கடைசியாக ஹெச்சம் மேடம் பெயர். அதற்குக் கீழே இன்னும் பத்து வரிக்காவது கோடு போட்டு வை, வருகிறவர்களுக்கு வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மேடத்தின் பெயரை நல்ல பெரிசாக, பலகையின் அடி வரைக்கும் இறக்கி எழுதிவிட்டேன். கீழே ஒரு கோட்டுக்கும் இடமில்லை. எழுத இடமில்லாவிட்டால் ஆளை மாற்ற மாட்டார்கள் என்று நினைக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு.